ஏரிக்கரையில் இரண்டாவது கியர்

1973 நவம்பர் 5, திங்கள்

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காலையில் ஆஸ்டின் காரை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி தபால் ஆபீஸ் வரை போய் வந்தேன். ஏரிக்கரை முழுக்கச் சேறு. இரண்டாவது கியரில் ஊளைச் சத்தம் அதிகமாகியிருக்கிறது. போன மாதம் இவ்வளவு இல்லை. அல்லது இருந்ததா? நான் எதையும் சட்டென்று நம்புவதில்லை, என் காது உட்பட.

திரும்பும்போது மதகுப் பக்கம் மணவாளன் குடையோடு நின்றிருந்தார். ஊரில் பெரிய வீட்டுக்காரர். ஏரிப் பாசன நிலத்தில் பாதி அவருடையது. "இன்னா வாத்தியாரே, ஒன் வண்டி பாடுறது எங்க களத்துமேடு வரைக்கும் கேக்குது. அத வெச்சித்தான் எங்க ஊட்ல மணி பாக்குறாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டியை நிறுத்திச் சிரித்தேன். எதற்கு நிறுத்தினேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

நவம்பர் 9, வெள்ளி

சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கியர் பாக்ஸின் பின்பக்கம் சொட்டுகிறது. உள்ளே எண்ணெய் பாதிதான் இருக்கும். ஊற்றியாக வேண்டும். எந்த எண்ணெய்?

வண்டியோடு வந்த புத்தகம், எஞ்சினுக்கு ஊற்றும் அதே முப்பது நம்பர் எண்ணெயைக் கியர் பாக்ஸுக்கும் ஊற்றச் சொல்கிறது. எட்டு வருடத்துக்கு முன் இதை எனக்கு விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பெரம்பூர் ரயில்வேக்காரரும் அதையே சொன்னார். ஆனால் அந்தப் புத்தகம் குளிர் தேசத்தில் அச்சானது. இந்த வெயிலுக்கு முப்பது தாங்குமா? முப்பது வருடம் பொன்னேரியில் பையன்களுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன், ஒரு டின் எண்ணெய்க்கு முன்னால் இப்படி நிற்கிறேன்.

நவம்பர் 14, புதன்

கவரைப்பேட்டையில் தணிகாசலத்தின் பட்டறைக்குப் போனேன். லாரி மெக்கானிக். எளாவூர் செக்போஸ்ட்டில் காத்துக் கிடக்கிற லாரிகளில் பாதி அவர் கைபட்டவை. முழு விவரமும் கேட்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

"நூத்தி நாப்பது நம்பர் ஊத்து சார். கப்புனு வாய மூடிக்கும்."

புத்தகத்தில் முப்பது என்று போட்டிருப்பதைச் சொன்னேன்.

"புஸ்தகம் வெள்ளக்காரன் எழுதனது சார். லாரிக்கு ஊத்தறதுதான் இதுக்கும். இது இன்னா, மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்ளையா, தனியா காபி போட?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என் ஆயுளில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

நவம்பர் 18, ஞாயிறு

திருநின்றவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் ஜோசப், ஆவடியில் வேலை. அடக்கமாகப் பேசுகிறான். தவக்காலத்துக்கு முன்பே முடித்துவிடலாம் என்று பிப்ரவரி பதினொன்று குறித்தாயிற்று. கும்மிடிப்பூண்டிக் கோயிலில் பூசை.

"பொண்ணு உங்க கார்லதான கோயிலுக்கு வரும்?" என்று சம்பந்தியம்மாள் கேட்டார். ஆரோக்கியமேரி, "பின்ன?" என்றாள். வண்டியை ஓட்டைத் தகரம் என்று தினமும் திட்டுகிற என் மனைவியின் முகத்தில் அவ்வளவு பெருமை.

அவர்கள் போன பிறகு மகள் விக்டோரியா வந்து என் எதிரே உட்கார்ந்தாள். திருவள்ளூர் டெலிபோன் ஆபீஸில் வேலை செய்கிறவள். எதையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள்.

"அப்பா, நான் கரை வழியா வர மாட்டேன்."

"அதுக்குள்ள சேறெல்லாம் காஞ்சிடும்மா."

"நான் சேத்தப் பத்திப் பேசல."

எனக்கும் தெரியும், அவள் சேற்றைப் பற்றிப் பேசவில்லை என்று.

நவம்பர் 19, திங்கள்

தூக்கமில்லை. இதை ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்த்துவிடுகிறேன்.

எங்கள் காலனியிலிருந்து ஜி.என்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலைக்குப் போக இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு வழியாக நேராக, தார் போட்டது. மற்றது ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு. மண் பாதை, மாட்டு வண்டித் தடம், எங்கும் இரண்டாவது கியருக்கு மேல் போட முடியாது. வண்டி வாங்கிய இந்த எட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் தெருவில் அதை விட்டதில்லை. விடாதே என்று யாரும் சொன்னதுமில்லை. அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன தெரு. நான் பட்டம் வாங்கி வேலைக்கு வந்த பிறகும் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தெரு. காரைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால் கரைமேல் போனேன். அவ்வளவுதான்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெட்ரோல் விலை வேறு ஏறிவிட்டது.

நவம்பர் 26, திங்கள்

மூன்று நாளாக ஒரு பரிசோதனை. முப்பது, தொண்ணூறு, நூற்று நாற்பது — மூன்றிலும் கொஞ்சம் வாங்கி வந்து மூன்று கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு பேரிங் குண்டைப் போட்டேன். முப்பதில் நேராக இறங்கியது. தொண்ணூறில் சற்று யோசித்தது. நூற்று நாற்பதில் பரீட்சை நாளன்று பள்ளிக்கு வருகிற பையனைப் போல இறங்கியது. வெயிலில் வைத்துப் பார்த்தேன். முப்பது அப்படியொன்றும் தண்ணீராகிவிடவில்லை.

இன்னொன்றும் செய்தேன். கியர் பாக்ஸுக்குள் பித்தளை மாதிரியான வளையங்கள் உண்டு. கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்குபவை அவைதான். பழைய பித்தளைச் சாவிகளை ஒவ்வொரு எண்ணெயிலும் போட்டு அடுப்பு மேடை மூலையில் வைத்திருந்தேன். நூற்று நாற்பதில் கிடந்த சாவி கறுத்துவிட்டது. முப்பதில் கிடந்தது அப்படியே இருக்கிறது.

ஆக, முப்பதுதான் சரி. ஐயத்துக்கு இடமில்லை.

ஆரோக்கியமேரி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத கண்டுபுடிக்கத்தான் என் மேடைய நாற அடிச்சீங்களா? போயி அந்த ஆள்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

டிசம்பர் 3, திங்கள்

சொல்லவில்லை.

பட்டறைக்குப் போனேன், முப்பது நம்பர் டின் வண்டி டிக்கியிலேயே இருந்தது. தணிகாசலம் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. "இன்னா சார், யோசிச்சி முடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நூற்று நாற்பதைப் பம்பில் உறிஞ்சினார். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள். புத்தகம், குழாய், சாவி என்று ஆரம்பித்தால் மறுபடி ஒரு மாமியார் வீட்டு மாப்பிள்ளை வருவான் என்று நினைத்தேன். தலையாட்டினேன்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. ஆட்களுக்குப் பயந்து மட்டும் தலையாட்டவில்லை. வாயை மூடிக்கொள்ளும் என்றாரே, அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

டிசம்பர் 6, வியாழன்

உண்மையாகவே மூடிக்கொண்டது. கரைமேல் பூனை போலப் போகிறது வண்டி. மதகில் மணவாளன் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார், தலை திரும்பவில்லை. வெகு நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி.

ஒரு யோசனையும் வருகிறது. இவ்வளவு சத்தமில்லாமல் போகுமானால், விடிந்தும் விடியாமலும் தெரு வழியாகவே விக்டோரியாவை அழைத்துப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. அவள் பேச்சும் நிற்கும், எனக்கும் சங்கடமில்லை.

ஆரோக்கியமேரியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பொண்ண கட்டிக் குடுக்கப் போறீங்களா, கடத்திக்கினு போறீங்களா?" என்றாள்.

டிசம்பர் 17, திங்கள்

பனி. காலையில் கியர் விழமாட்டேன் என்கிறது. இரண்டாவதுக்குத் தள்ளினால் எலும்பை அரைப்பது போல ஒரு சத்தம். எண்ணெய் சூடாகும் வரை அப்படித்தான். சாவி கறுத்தது நினைவுக்கு வருகிறது. வேண்டாம், நினைக்க வேண்டாம்.

டிசம்பர் 25, செவ்வாய்

கிறிஸ்து பிறப்பு. காலைப் பூசைக்குப் புறப்பட்டுக் கரையில் பாதி தூரம் போனதும் இரண்டாவது கியர் துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி துள்ளியது. வண்டி சரிவில் நின்றுவிட்டது. புதுத்துணி உடுத்திக் கரையில் நடந்து போனவர்கள் எல்லோரும் வந்து தள்ளினார்கள். என் தம்பி சின்னராசும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். "ண்ணா, இதுக்கு ரெண்டு மாட்ட கட்டு. தீனியும் கம்மி, பாட்டும் பாடாது" என்றான். சிரித்தோம்.

விக்டோரியா சிரிக்கவில்லை. புடவை ஓரமெல்லாம் சேறு. கரைக்குக் கீழே, வயலுக்கு அந்தப் பக்கம் நேராகக் கிடந்த தார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

1974 ஜனவரி 2, புதன்

தணிகாசலம் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தார். சக்கரங்களைத் துடைத்துச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது அதிசயமா கீது? மூணு நல்லா கீது. டாப்பு புதுசாட்டம் கீது, கம்பெனிக்காரன் போட்ட மை கூட அழியல. ரெண்டு மட்டும் மொட்டையா பூட்ச்சி. ரெண்டாவது கியர்லயே குடும்பம் நடத்துறீங்களா?"

பட்டறையில் மறுபடி சிரிப்பு. அவர் காரணம் தெரிந்து கேட்கவில்லை. அவர் ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்; எங்கள் ஊர் எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்தச் சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பற்களின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கி, சாய்ந்து, கிழவன் கடைவாய்ப் பல் போல இருந்தது. எட்டு வருடம். தினம் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. பித்தளை வளையமும் கறுத்து, வரியெல்லாம் அழிந்து போயிருந்தது.

எந்த எண்ணெய் ஊற்றியிருந்தாலும் இந்தப் பல் தேய்ந்துதான் இருக்கும். நூற்று நாற்பது அதை மூடி மறைத்தது, அவ்வளவுதான்.

ஜனவரி 7, திங்கள்

புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து வளையம் ஒன்று கிடைத்தது. இரண்டாவது சக்கரம் கிடைக்கவில்லை. தணிகாசலம் பழையதையே போட்டு மாட்டிவிட்டார். "சமதரையில மூணுக்குப் போற வரைக்கும் தாங்கும் சார். மேடு, சேறு, கரைன்னு ரெண்டுலயே வெச்சி இழுத்தீங்கன்னா பல்லு தெறிச்சிடும். அப்புறம் நடு ரோட்ல குந்திக்க வேண்டியதுதான்."

நூற்று நாற்பது டின்னைத் தூக்கினார். நான் டிக்கியைத் திறந்து முப்பதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இத ஊத்துங்க."

"கத்தும் சார்."

"கத்தட்டும்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒங்க வண்டி, ஒங்க காது. அப்பால வந்து பேஜார் பண்ணக் கூடாது" என்றார். ஊற்றினார். வரும் வழியெல்லாம், அவர் மனம் நோகப் பேசிவிட்டேனோ என்று அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கியர் வெண்ணெய் போல விழுந்ததைக் கவனிக்கவே இல்லை.

ஜனவரி 16, புதன்

சின்னராசு வந்தான். பொங்கல் முடிந்து சம்பா அறுப்புக்கு நாள் பார்க்கிறார்கள். இருபது வருடமாக மணவாளன் நிலத்தில் அறுப்பு அவன் கையில். எங்கள் காலனி ஆட்களை அவன்தான் சேர்த்துக்கொண்டு போவான். நின்றுகொண்டே பேசினான்.

"பொண்ணு தெரு வழியாத்தான் போவேன்னு சொல்லுதாமே?"

"கியர் கரை ஏறாதுடா. மெக்கானிக் சொல்லிட்டாரு."

"கியரு கெடக்குது. ஒனக்கு பென்சன் சர்க்கார் குடுக்குது. எனக்கு அறுப்பு அவரு குடுக்கணும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கரையில போனா இன்னாண்ணா? நாங்க பத்து பேரு பின்னால இருந்து தள்றோம். கார் ஒன்துதான். அந்தச் சத்தம் நம்ம எல்லார் தலையிலயும்தான் உழும்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. காபி ஆறிப்போய்க் கிடந்தது. குடிக்காமல் போய்விட்டான்.

நான் கோழை என்று எனக்குத் தெரியும். ஆனால் இது கோழைத்தனம் மட்டும்தானா? தம்பி வயிறும் அதில் இருக்கிறதே. எது எதுவரை என்று பிரித்துப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் இல்லை.

ஜனவரி 20, ஞாயிறு

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று சாமியார் படித்தபோது, எனக்கு ஒன்று தெரியும் என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜனவரி 28, திங்கள்

ஜி.என்.டி. ரோட்டில் சோழவரம் வரை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவதில் ஊளை பழையபடி. மூன்றாவதில் லேசாக. டாப்பில், அதாவது நாலாவதில், ஒன்றுமே இல்லை. இருக்கவும் இருக்காது — டாப்பில் மட்டும் எஞ்சினின் சுற்று எந்தப் பல்லையும் சுமக்க விடாமல் நேராகப் பின்னால் போய்விடுகிறது. இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்! என் வண்டியில் நான் கவனித்துக் கேட்டதே இல்லை.

மாலையில் தெருவில் நடந்து வந்தேன். பிள்ளையார் கோயில் வரை இரண்டு, அங்கே மூன்று, மணவாளன் வீட்டுத் திருப்பம் தாண்டி டாப் என்று மனதில் குறித்துக்கொண்டேன். போவதாக முடிவு செய்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. சும்மா குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

மூன்றாவது ஓலை. சின்னராசு என்னிடம் பேசவில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

டாக்சி வைத்துவிடலாமா என்றேன். விக்டோரியா, "டாக்சி எந்த வழியா போவும்?" என்றாள்.

வண்டியைக் கழுவி, எண்ணெய் அளவைப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆண்டவரே.

பிப்ரவரி 11, திங்கள்

எல்லாம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

விடியற்காலையெல்லாம் புறப்படவில்லை. வெயில் நன்றாக வந்த பிறகுதான். சின்னராசு வேலியோரம் வந்து நின்று, "கரை வழியாத்தான?" என்றான். "ரெண்டாவது தாங்காதுடா" என்றேன். திரும்பி, மற்றவர்களோடு கரைமேல் நடந்து போனான். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவன் முதுகைக் காட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

வழி பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் விக்டோரியா வெள்ளைப் புடவையில், பக்கத்தில் ஆரோக்கியமேரி ஜெபமாலையோடு. நேராக விட்டேன். முதல். இரண்டு. என்ன ஊளை! தெருவே எழுந்து பார்த்தது. பிள்ளையார் கோயிலில் மூன்று.

மணவாளன் வீட்டுத் திருப்பத்தில் ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே நின்றிருந்தது. மாடுகள் இல்லை. நுகத்தடி தரையில். அறுப்புக் காலம்; வைக்கோல் வண்டி நிற்பதில் அதிசயமில்லை. வேண்டுமென்றே நிறுத்தினார்களா? இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை.

நின்றேன். பின்னால் எடுத்துத் திரும்பிவிடலாம் என்று கை ரிவர்ஸுக்குப் போய்விட்டது. அதை எழுதாமல் விடக் கூடாது.

"ஹாரன் அடிப்பா" என்றாள் விக்டோரியா.

அடித்தேன். சளி பிடித்த ஆடு போல ஒரு சத்தம். மணவாளன் வாசலுக்கு வந்தார். சட்டையில்லை, தோளில் துண்டு. காரைப் பார்த்தார், உள்ளே பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, கரை நல்லாத்தான கீது?"

இறங்கினேன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அது ஏன் என்று தெரியவில்லை.

"கரை நல்லாத்தாங்க இருக்குது. ரெண்டாவது கியர்தான் தேஞ்சிபோச்சி. இனிமே வண்டி அங்க ஏறாதுங்க."

பெரிதாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான். உண்மையும் அதுதான்.

"தேஞ்சிபோச்சா" என்றார். கேள்வியாகவும் இல்லை. வைக்கோல் வண்டியை நகர்த்தச் சொல்லவுமில்லை.

நான் போய் அதன் முன்தண்டைப் பிடித்துத் தூக்கினேன். தூக்க முடிந்தது, நகர்த்த முடியவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. விக்டோரியா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து தண்டைப் பிடித்தாள். ஆரோக்கியமேரி, "ஐயோ, பொடவ!" என்று கத்தினாள். இருவரும் தள்ளினோம். சக்கரம் ஒரு சாண் உருண்டது.

எதிர்வீட்டு எல்லம்மா வாசல் தெளிக்கிற வாளியோடு வந்து நின்றாள். மணவாளனுக்கு ஒன்றுவிட்ட அத்தை. யாருக்கும் அடங்காத வாய். "டேய், தாலி ஏற போற பொண்ணு வண்டி தள்ளுது. ஒங்களுக்கெல்லாம் கையி இன்னா கோயிலுக்கு நேந்து உட்டுட்டீங்களாடா? குந்திக்கினு பாக்குறானுங்க!" இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவன் பொன்னேரியில் என்னிடம் படித்தவன், பெயர் நினைவில்லை. "நீங்க உடுங்க சார்" என்றான். வண்டி ஓரமாகப் போனது.

நான் திரும்பிப் பார்த்தபோது மணவாளன் வாசலில் இல்லை.

மறுபடி முதல், இரண்டு, மூன்று. தெரு முடிகிற இடத்தில்தான் டாப் விழுந்தது. கோயில் வாசலில் சாமியார் விக்டோரியாவின் தலையைப் பார்த்து, "என்னம்மா இது, வைக்கோலா?" என்றார். அவள் சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு இன்றுதான் அவள் சிரித்து நான் பார்க்கிறேன். இனி அவள் திருநின்றவூர்க்காரி.

பிப்ரவரி 14, வியாழன்

மணவாளன் அறுப்புக்கு வேறு ஊர் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார். எங்கள் காலனியில் ஒருவரையும் அழைக்கவில்லை. எந்தச் சண்டையும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை.

சாயங்காலம் சின்னராசு வேலிக்கு வெளியே நின்று, "சந்தோசமாண்ணா?" என்று கேட்டான். உள்ளே வாடா என்றேன். வரவில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

அறுப்பு இல்லாத வீடுகளுக்கு எங்கள் நெல்லில் கொஞ்சம் கொடுத்தனுப்பினாள் ஆரோக்கியமேரி. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். சின்னராசு வீட்டிலிருந்து மூட்டை திரும்பி வந்தது. சரியான காரியத்தைச் செய்தேனா? முப்பதைப் பற்றி ஐயமில்லை. இதைப் பற்றி இருக்கிறது.

பிப்ரவரி 27, புதன்

விபூதிப் புதன். பஸ்ஸில் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். சின்னராசு கோயிலில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு வண்டியை எடுக்கவே இல்லை. கரையில் போகக் கியர் இல்லை. தெருவில் போக முகம் இல்லை — ஊர்க்காரர்களிடம் அல்ல, என் தம்பியிடம். கொட்டகையில் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கிறேன். அடியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விழவில்லை. அந்த மட்டில் தணிகாசலம் ஒழுக்கை அடைக்கும் ஆயில் சீலை நன்றாகவே போட்டிருக்கிறார்.

மார்ச் 4, திங்கள்

சின்னராசு மனைவி சின்னப்பொண்ணு வந்திருந்தாள். ஜி.என்.டி. ரோட்டோரம் புதிதாக வந்திருக்கும் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் சலிக்க ஆள் எடுக்கிறார்களாம். இவன் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இந்த வயதில். "கும்பிட ஒரு சாமியும் இல்ல, பயப்பட ஒரு பூதமும் இல்ல, மணியடிச்சா உள்ள, மணியடிச்சா வெளிய, அவ்ளோதானாம்" என்றாள். அவன் சொன்னதாகத்தான் சொன்னாள். வருத்தமாகச் சொன்னானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சின்னராசு வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். காக்கி நிஜார், கையில் தூக்கு. ஒரு மாதத்துக்கு மேலாகிறது அவன் வேலிக்கு உள்ளே வந்து.

"மொத ஷிப்டு. நடந்து போனா லேட்டாயிடும். கேட்ட சாத்திடுவான். கொண்டுபோயி உடு."

ஆரோக்கியமேரி, "நாஷ்டா துன்னியாடா?" என்று உள்ளிருந்து கேட்டாள். "ஆச்சு அண்ணி" என்றான்.

சாக்கை எடுத்தேன். எண்ணெய் பார்த்தேன். கிளம்பியது. அவன் முன் சீட்டில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வழி பிரியும் இடத்தில் என் கை தன்னால் கரைப் பக்கம் திரும்பியது. எட்டு வருடப் பழக்கமா, அவன் பக்கத்தில் இருந்ததாலா, தெரியவில்லை.

"அங்க எங்க திருப்புற?" என்றான். முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "லேட்டாவுது. நேரா போண்ணா."

நேராகப் போனேன். இரண்டாவதில் கத்தியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். மூன்று. மணவாளன் வீட்டு வாசலில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். திருப்பம் தாண்டி டாப் போட்டேன். சட்டென்று சத்தம் அடங்கியது.

சின்னராசு திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினான். "இன்னாண்ணா, வண்டி நின்னுபோச்சா?"

"இல்லடா. ஓடுது" என்றேன்.